ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா: பெயரும் புகழும் வதந்தியும்

ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா என்பது அமெரிக்காவில் கறுப்பினக் கல்லூரிப் பெண்கள் தமக்கெனத் தொடங்கிய முதல் சகோதரியர் சங்கம். 1908 ஜனவரி 15 அன்று வாஷிங்டன் நகரிலுள்ள ஹாவர்டு பல்கலைக்கழகத்தில் இது தோன்றியது. ஹாவர்டு வேறு, ஹார்வர்டு வேறு. தமிழில் எழுதும்போது ஓர் எழுத்தில் மயங்கிவிடும் இவ்விரண்டில், முன்னது அடிமை முறை ஒழிந்தபின் 1867இல் நிறுவப்பட்டது. கறுப்பின மக்களின் உயர்கல்வியோடு பிரிக்க முடியாத பெயர் அது.

இச்சங்கத்தைப் பற்றித் தமிழிலும் ஆங்கிலத்திலும் உலவும் செய்திகளில் பெரும்பகுதி, இன்ன புகழ்பெற்ற பெண் இதன் உறுப்பினர், இன்ன நிறுவனம் இதனோடு தொடர்புடையது என்பனவே. அவற்றில் சில உண்மை, சில பாதி உண்மை, சில வெறும் நிறப்பொருத்தம். எது எது என்று பிரித்தறியச் சங்கம் தன் பெயரை எப்படிப் பெற்றது, எப்படிக் காத்தது என்ற வரலாறு தெரிந்திருக்க வேண்டும்.

சித்திக்கு அடுத்து வந்த சொல்

2020 ஆகஸ்ட் 19 அன்று கமலா ஹாரிஸ் துணை அதிபர் வேட்பாளராக ஏற்புரை ஆற்றியபோது தம் குடும்பத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார். அதில் 'சித்தி' என்ற தமிழ்ச்சொல்லை அப்படியே பயன்படுத்தினார். தமிழ்நாட்டில் அன்று அதைப் பேசாத செய்தித்தாள் இல்லை, தொலைக்காட்சி இல்லை. பிறந்த நாட்டை விட்டுப் போன தாயின் மொழி ஒரு சொல்லாகத் திரும்பி வந்தது. அந்த மகிழ்ச்சி இயல்பானது.

அதே பட்டியலில் சற்றுத் தள்ளி, குடும்பம் என்ற அதே தலைப்பின் கீழ், ஆல்ஃபா காப்பா ஆல்ஃபாவையும் 'தெய்விக ஒன்பது' எனப்படும் சங்கங்களையும் அவர் குறிப்பிட்டார். இங்கே அது யார் காதிலும் விழவில்லை. அமெரிக்காவிலோ நிலைமை நேர்மாறு. சித்தி என்றால் என்ன என்று அகராதியைத் தேடியவர்களில் பலருக்கு, அடுத்து வந்த கிரேக்க எழுத்துகளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

ஹாரிஸின் தாயார் சியாமளா கோபாலன் சென்னையில் பிறந்தவர். தாத்தா பி. வி. கோபாலனின் பூர்விகம் மன்னார்குடிக்கு அருகிலுள்ள துளசேந்திரபுரம். 1958இல் பத்தொன்பது வயதில் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்குச் சென்ற சியாமளா, அங்கே குடிமை உரிமை இயக்கத்தில் ஈடுபட்ட கறுப்பின மாணவர்களோடு பழகினார். தம் இரு மகள்களையும் கறுப்பினச் சமூகத்தின் நடுவிலேயே வளர்த்தார். மூத்த மகள் ஹாவர்டில் சேர்ந்ததும், 1986இல் படிப்பின் இறுதி ஆண்டில் இச்சங்கத்தில் சேர்ந்ததும் அந்த வளர்ப்பின் தொடர்ச்சி. ஆகவே ஹாரிஸின் உறுப்பினர் தகுதி வதந்தி அன்று. முறைப்படி சேர்க்கப்பட்டவர், அதுவும் சங்கம் பிறந்த முதற்கிளையிலேயே.

ஒன்பது பேர், பிறகு இருபது

அமெரிக்கக் கல்லூரிகளில் கிரேக்க எழுத்துப் பெயர் கொண்ட மாணவர் சங்கங்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே பெருகிவிட்டன. ஆண்களுக்கான சங்கங்கள் முதலில் வந்தன. பெண்களுக்கானவை பின்னால் வந்தன. சகோதரி என்னும் பொருளுள்ள இலத்தீன் சொல்லிலிருந்து 'சோராரிட்டி' என்ற பெயர் உருவாயிற்று. 1874இல் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய காமா ஃபை பீட்டா சங்கத்துக்காகவே ஓர் இலத்தீன் பேராசிரியர் அச்சொல்லை முன்மொழிந்தார் என்பர். அந்தச் சங்கங்களின் கதவுகள் கறுப்பினப் பெண்களுக்குத் திறக்கவில்லை.

ஹாவர்டில் படித்துவந்த எத்தல் ஹெட்ஜ்மன் (திருமணத்துக்குப் பின் லைல்) செயின்ட் லூயிஸ் நகரத்துப் பெண். தமக்கும் ஒரு சங்கம் வேண்டும் என்ற எண்ணம் 1907 கோடையில் அவருக்குத் தோன்றியது. மறு ஜனவரியில் மைனர் ஹால் என்ற கட்டடத்தில் ஒன்பது பெண்கள் கூடினர். பெயரின் மூன்று கிரேக்க எழுத்துகளும் 'பண்பாட்டாலும் தகுதியாலும்' என்ற பொருள் தரும் முதுமொழியின் முதலெழுத்துகள். வெளிர் இளஞ்சிவப்பும் ஆப்பிள் பச்சையும் நிறங்களாயின. ஐவி என்னும் படர்கொடியின் இலை சின்னமாயிற்று.

இவர்களின் முதல் தலைவர் லூசி டிக்ஸ் ஸ்லோ. வதந்திப் பட்டியல்களில் திரைத்தாரகைகளுக்குக் கீழே எங்கோ கிடக்கும் பெயர் இது. மேலே இருந்திருக்க வேண்டியது. 1917இல் கறுப்பினத்தவருக்கான அமெரிக்க டென்னிஸ் கழகத்தின் தேசியப் போட்டியில் ஒற்றையர் பட்டம் வென்றார். பெரிய விளையாட்டுப் பட்டம் ஒன்றை வென்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண் அவரே. 1922இல் ஹாவர்டுக்கே மாணவியர் முதல்வராகத் திரும்பி வந்தார். மாணவியருக்கு நல்ல விடுதி வேண்டும், அவர்களைச் சிறு குழந்தைகளாக நடத்தக் கூடாது என்று நிருவாகத்தோடு பல ஆண்டுகள் மல்லுக்கு நின்றார்.

முதல் ஒன்பது பேரோடு இரண்டாம் ஆண்டு மாணவியர் ஏழு பேர் விரைவிலேயே சேர்ந்து பதினாறு ஆயினர். ஐந்து ஆண்டுகளுக்குப் பின் சங்கத்தைச் சட்டப்படி பதிவு செய்து காத்த நால்வரையும் சேர்த்தால் இருபது. உறுப்பினர் அணியும் ஊசிச் சின்னத்திலுள்ள இருபது முத்துகள் இந்த இருபது பேரைக் குறிக்கின்றன. ஹாரிஸின் கழுத்து முத்துமாலை பற்றிய பேச்செல்லாம் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

பெயருக்காக ஒரு பிளவு

அந்த நால்வர் ஏன் தேவைப்பட்டனர் என்பது இச்சங்க வரலாற்றின் திருப்புமுனை. 1912ஆம் ஆண்டின் இறுதியில், அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த உறுப்பினர்கள் சங்கத்தின் பெயரையும் நிறங்களையும் சின்னங்களையும் மாற்ற முடிவு செய்தனர். அதே ஆண்டு பட்டம் பெற்று வெளியேறியிருந்த நெல்லி குவாண்டர் இதை அறிந்து கடுமையாக எதிர்த்தார். முடிவை மறுபரிசீலனை செய்யுமாறு அவர்களைக் கேட்டார். அவர்கள் இணங்கவில்லை.

1913 ஜனவரி 13 அன்று இருபத்திரண்டு பெண்கள் பிரிந்துபோய் டெல்டா சிக்மா தீட்டா என்ற புதுச் சங்கத்தைத் தொடங்கினர். பதினாறே நாள்களில், ஜனவரி 29 அன்று, குவாண்டரும் தோழியரும் ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா என்ற பெயரை வாஷிங்டனில் சட்டப்படி பதிவு செய்துவிட்டனர். இனி அந்தப் பெயரை எந்த ஆண்டு மாணவியர் கூட்டமும் கைதூக்கி மாற்ற முடியாது.

இருதரப்பும் இந்நிகழ்ச்சியை வேறு வேறு விதமாகச் சொல்வது இயல்பே. பிரிந்தவர்கள், பொதுவாழ்வில் இன்னும் துணிவோடு இறங்க விரும்பினோம் என்பார்கள். அவர்கள் சொன்னதைச் செய்தும் காட்டினர். அதே ஆண்டு மார்ச் 3 அன்று வாஷிங்டனில் நடந்த பெண்கள் வாக்குரிமைப் பேரணியில், கறுப்பினப் பெண்களை விரும்பாதோர் நடுவிலும், டெல்டா உறுப்பினர்கள் நடந்தனர். இருந்தவர்களோ முன்னோர் வைத்த பெயரைக் காப்பாற்றினோம் என்பார்கள். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வாக்குரிமையே இல்லாத காலத்தில், இருபத்து சொச்சம் வயதுப் பெண்கள் தம் சங்கத்தின் பெயர் ஒரு சொத்து என்றும், சொத்துக்குப் பத்திரம் வேண்டும் என்றும் புரிந்துகொண்டார்கள். பின்னாளைய வணிகக் குறிகளும் உரிமங்களும் இந்த ஜனவரியின் பேரப்பிள்ளைகள்.

பின்னர் சீட்டா ஃபை பீட்டா 1920இல் ஹாவர்டிலும், சிக்மா காமா ரோ 1922இல் இண்டியானாபொலிஸ் நகரிலும் தோன்றின. இந்த நான்கு பெண்கள் சங்கங்களும் ஐந்து ஆண்கள் சங்கங்களும் சேர்ந்ததே இன்று 'தெய்விக ஒன்பது' எனப்படுவது. 1930இல் அமைந்த தேசியக் கூட்டமைப்பு இவற்றை ஒருங்கிணைக்கிறது. ஒன்பதில் ஒன்றில் சேர்ந்தவர் அதே வகையைச் சேர்ந்த இன்னொன்றில் சேர முடியாது என்பது எழுதப்பட்ட விதியும் எழுதப்படாத மானமும் ஆகும். கல்லூரியோடு முடிந்துபோகும் உறவும் அன்று இது. பட்டம் பெற்றபின் ஊர்க்கிளைகளில் சேர்ந்து இறுதிவரை தொடர்வார்கள். இறந்த உறுப்பினரை 'மதிலுக்கு அப்பாலுள்ள ஐவி' என்று குறிப்பிட்டுத் தனிச் சடங்கு செய்வார்கள்.

யார் உறுப்பினர், யார் விருந்தினர்

புகழ்பெற்ற உறுப்பினர் பட்டியல்களில் பிழை நுழையும் முதல் வழி, இரு வகை உறுப்பினர்களை ஒன்றாகக் கலப்பது. கல்லூரிக் கிளையிலோ பட்டதாரிகளின் கிளையிலோ முறைப்படி சேர்க்கப்பட்டவர் ஒரு வகை. தம் துறையில் செய்த பணிக்காகச் சங்கமே அழைத்துச் சிறப்பிக்கும் மதிப்புறு உறுப்பினர் இன்னொரு வகை. மதிப்புறு உறுப்பினர் என்பது பொய்ப்பட்டம் அன்று. ஆனால் அவர் கல்லூரியில் தோழியரோடு சேர்ந்து வளர்ந்தவர் என்று எழுதினால் அது பொய்.

பேருந்தில் இருக்கையை விட்டு எழ மறுத்த ரோசா பார்க்ஸ், எழுத்தாளர் மாயா ஏஞ்சலோ, பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு ஆகிய மூவரும் ஆல்ஃபா காப்பா ஆல்ஃபாவின் பட்டியலில் உள்ளவர்கள். மூவருமே கல்லூரிப் பட்டம் பெற்றவர்கள் அல்லர். இதனால் 'கல்லூரிச் சங்கத்தில் இவர்கள் எப்படி' என்று ஐயுற்று மொத்தத்தையும் கட்டுக்கதை என்போர் உண்டு. மதிப்புறு உறுப்பினர் என்ற ஒரு சொல் அந்த ஐயத்தைத் தீர்த்துவிடும். மார்ட்டின் லூதர் கிங்கின் துணைவியார் கொரெட்டா ஸ்காட் கிங்கும் அவ்வகையினரே. அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற ஜேன் ஆடம்ஸ், அதிபரின் துணைவியார் எலினார் ரூஸ்வெல்ட் ஆகிய வெள்ளையினப் பெண்களும் மதிப்புறு உறுப்பினராக இருந்தனர் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். தம்மைச் சேர்த்துக்கொள்ளாத சமூகத்திலிருந்து தாம் விரும்பியவரைச் சேர்த்துக்கொண்ட பெருந்தன்மை அதில் தெரிகிறது.

விண்வெளிக்குச் சென்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண்ணான மே ஜெமிசனும் மதிப்புறு உறுப்பினர். 1992 செப்டம்பரில் எண்டேவர் விண்கலத்தில் புறப்பட்டபோது அவர் உடன் எடுத்துச் சென்ற சில பொருள்களில் இச்சங்கத்தின் பதாகையும் ஒன்று. வதந்தி போலத் தோன்றும் இச்செய்தி உண்மை.

முறைப்படி சேர்க்கப்பட்டவர்களில் சிலரோ பட்டியல்களில் அதிகம் பேசப்படுவதில்லை. நோபல் பரிசு பெற்ற நாவலாசிரியர் டோனி மாரிசன் ஹாவர்டில் படிக்கும்போதே சேர்ந்தவர். 'ஹிடன் ஃபிகர்ஸ்' திரைப்படத்தின் மூலம் உலகறிந்த கணிதவியலாளர்கள் கேத்தரின் ஜான்சன், டோரத்தி வான், மேரி ஜாக்சன் ஆகிய மூவரும் இச்சங்கத்தவர். மூவரும் மூன்று வெவ்வேறு கல்லூரிகளில் படித்தவர்கள். நாசாவின் லாங்லி ஆய்வுக்கூடத்தில் ஒன்றுகூடியபோது ஒரே சங்கத்தின் சகோதரியராகவும் இருந்தனர். கறுப்பினப் பெண்களுக்கு நல்ல கல்லூரிகள் சிலவே, அவற்றில் சங்கங்கள் சிலவே என்ற நிலையில் இதைத் தற்செயல் என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

இரண்டாம் வழி, ஊகம். ஹாவர்டில் படித்தவர் என்றால் ஆல்ஃபா காப்பா ஆல்ஃபாதான் என்று முடிவு கட்டுவது. எழுத்தாளர் ஸோரா நீல் ஹர்ஸ்டன் ஹாவர்டில் படித்தவர்தான். ஆனால் சீட்டா ஃபை பீட்டாவைச் சேர்ந்தவர். அமெரிக்கக் காங்கிரசுக்குத் தேர்வான முதல் கறுப்பினப் பெண் ஷெர்லி சிஷம் தம் முன்னோடி என்று ஹாரிஸ் பலமுறை சொல்லியிருக்கிறார். சிஷம் இருந்ததோ டெல்டாவில். பாடகி அரீதா ஃபிராங்க்ளினும் நடிகை லீனா ஹார்னும் டெல்டாவின் மதிப்புறு உறுப்பினர்கள். ஆஸ்கர் விருது பெற்ற முதல் கறுப்பினக் கலைஞரான ஹாட்டி மெக்டேனியல் சிக்மா காமா ரோவைச் சேர்ந்தவர். இவர்களை இடம் மாற்றி எழுதினால் வெளியாருக்கு ஒன்றும் தெரியாது. உள்ளே இருப்பவர்களுக்கு அது, ஒரு வீட்டுப் பெண்ணை இன்னொரு வீட்டுக் குடும்ப அட்டையில் எழுதியது போல.

மூன்றாம் வகை, உண்மையிலேயே சிக்கலானது. 2008 ஜூலையில், நூற்றாண்டு விழா மாநாட்டின்போது, மிஷெல் ஒபாமா மதிப்புறு உறுப்பினராக இசைந்துள்ளார் என்று ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா அறிவித்தது. அவர் கணவர் அதிபர் பதவிக்குப் போட்டியிட்டுக்கொண்டிருந்த நேரம். மற்றச் சங்கங்களின் அழைப்பையும் ஏற்கும் உரிமை தமக்கு இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் அவர் இசைந்தார் என்று தேர்தல் பணிக்குழு விளக்கியது. ஒன்றில் சேர்ந்தால் மற்றொன்றில் இல்லை என்ற மரபோடு இந்த நிபந்தனை ஒட்டவில்லை. அன்றிலிருந்து சில பட்டியல்கள் அவரைச் சேர்க்கின்றன, சில விட்டுவிடுகின்றன. 'உறுப்பினர்' என்று ஒரே சொல்லில் எழுதுவதும் 'வதந்தி' என்று தள்ளுவதும் இரண்டுமே சரியல்ல. அறிவிப்பையும் நிபந்தனையையும் சேர்த்துச் சொல்வதே முறை.

முத்துமாலையும் கான்வாஸ் காலணியும்

வணிகப் பெயர்களோடு இச்சங்கத்தை இணைத்த பேச்சு 2020, 2021 ஆண்டுகளில் உச்சத்தை எட்டியது. 2020 செப்டம்பரில் மில்வாக்கி நகரில் விமானத்திலிருந்து ஹாரிஸ் இறங்கியபோது காலில் கருப்புநிற கான்வர்ஸ் சக் டெய்லர் காலணி. அந்தக் காட்சி காட்டுத்தீயாய்ப் பரவியது. 2021 ஜனவரி 20 அன்று அவர் பதவியேற்றபோது அமெரிக்கா முழுவதும் பெண்கள் முத்துமாலையும் சக் டெய்லர் காலணியும் அணிந்து படம் எடுத்துக்கொண்டனர். காலணியும் சங்கத்தின் சீருடையோ என்று கேட்டவர்கள் உண்டு.

இதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். முத்து சங்கத்துடையது, 1986இல் ஹாவர்டில் பட்டம் பெற்ற நாளின் படத்திலேயே ஹாரிஸ் முத்துமாலையோடு இருக்கிறார். காலணி அவருடைய சொந்தப் பழக்கம். இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்ததால் ஒரே அடையாளம் போலத் தோன்றியது. முத்துங்கூட எல்லார் கழுத்திலும் ஒரே பொருள் தருவதில்லை. அமெரிக்க அரசியல் குடும்பங்களில் முத்துமாலை பல தலைமுறையாக அணியப்படுவது. ஜாக்குலின் கென்னடியும் பார்பரா புஷ்ஷும் அணிந்தது இருபது நிறுவனர்களை நினைத்து அன்று.

நிறங்களின் கதையும் இதுவே. 'வோக்' இதழின் 2021 பிப்ரவரி அட்டையில் ஹாரிஸ், பின்னால் தொங்கிய இளஞ்சிவப்பு, பச்சைத் துணிகளின் முன் கான்வர்ஸ் காலணியோடு நின்றார். துணிகளின் நிறம் சங்கத்துக்குச் செய்த மரியாதை என்பது திட்டமிட்ட ஏற்பாடே. ஆனால் அந்தப் படம் துணை அதிபரின் பதவிக்குரிய கண்ணியத்தோடு இல்லை என்று பலர் குறைபட்டனர். ஒரு சமூகத்துக்கு மரியாதையாகத் தெரிந்தது இன்னொரு கண்ணுக்கு அலட்சியமாகத் தெரிந்தது. இளஞ்சிவப்பும் பச்சையும் சேர்ந்த எல்லா ஆடை நிறுவனங்களையும் இச்சங்கத்தோடு முடிச்சுப்போடுவது மட்டும் வேண்டாத வேலை.

குரலுக்கும் இந்த மயக்கம் உண்டு. இச்சங்கத்தவர் தோழியரைக் காணும்போது 'ஸ்கீ-வீ' என்று உச்சத் தொனியில் அழைப்பார்கள். 2019இல் ஹாரிஸின் கூட்டம் ஒன்றில் கேட்ட அவ்வொலியைக் கிறீச்சிடல் என்று எழுதிய செய்தியாளர் ஒருவர் கண்டனத்துக்கு ஆளானார். நம் ஊர்க் குலவையைக் கேட்டு ஓர் அயலூரார் கூச்சல் என்று எழுதினால் எப்படி இருக்கும்?

உண்மையான வணிகத் தொடர்புகள் இவற்றைவிடச் சுவையானவை. 2008இல் மட்டெல் நிறுவனம் நூற்றாண்டை ஒட்டி ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா பார்பி பொம்மையை வெளியிட்டது. இளஞ்சிவப்பும் பச்சையுமாக உடுத்திய கறுப்பினப் பொம்மை அது. பார்பி வரிசையில் ஒரு கல்லூரிச் சகோதரியர் சங்கத்தின் பெயர் ஏறியது அதுவே முதல்முறை. 2023இல் சங்கம் தன் உறுப்பினர்களுக்கென இணையவழிக் கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்றைத் தொடங்கியது. கறுப்பினப் பெண்களுக்குக் கடன் மறுத்த வங்கிகளின் வரலாற்றை அறிந்தவர்களுக்கு அதன் பொருள் சொல்லாமலே விளங்கும். சங்கத்தின் எழுத்துகளும் சின்னமும் பதிவு பெற்ற வணிகக் குறிகள். மேற்சட்டை, குவளை, கைப்பை எதுவாயினும் அவற்றைப் பொறித்து விற்பவர் உரிமம் பெற வேண்டும்.

டெல்டா சங்கமும் இத்துறையில் சும்மா இருக்கவில்லை. 1976இல் வெளிவந்த 'கவுண்ட்டவுன் அட் குசினி' என்ற திரைப்படத்துக்கு அச்சங்கமே பணம் போட்டது. நைஜீரியாவில் படமாக்கப்பட்ட அதை இயக்கியவர் ஆஸி டேவிஸ். படம் ஓடவில்லை. ஆனால் ஹாலிவுட் காட்டிய கறுப்பினப் பெண்ணைப் பிடிக்காவிட்டால் நாமே படம் எடுப்போம் என்று ஒரு மகளிர் சங்கம் துணிந்தது சிறிய செய்தி அன்று.

2020 ஆகஸ்டில் நடந்ததையும் இங்கே சேர்க்கலாம். ஹாரிஸ் வேட்பாளர் என்று அறிவிக்கப்பட்டதும் தேர்தல் நிதிக்கு 19 டாலர் 8 சென்ட் என்ற விந்தையான தொகை ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தது. 1908 என்ற ஆண்டைத்தான் உறுப்பினர்கள் டாலரில் எழுதினார்கள். சங்கம் எந்த வேட்பாளரையும் ஆதரித்து அறிக்கை விடவில்லை, விடவும் தேவையிருக்கவில்லை.

பெயரைத் துறந்த தருணம்

காத்த பெயரைக் கைகழுவ நேர்ந்த நாளும் உண்டு. 2002 செப்டம்பரில் லாஸ் ஏஞ்சலிஸ் கடற்கரையில் கல்லூரி மாணவியர் இருவர் இரவு நேரத்தில் கடலில் மூழ்கி இறந்தனர். இச்சங்கத்தில் சேர்வதற்கான வதைச் சடங்கில்தான் இறந்தனர் என்று குடும்பத்தார் வழக்குத் தொடுத்தனர். அந்தப் பல்கலைக்கழகத்தில் தன்னால் அங்கீகரிக்கப்பட்ட கிளையே இல்லை என்றது சங்கம். சேர விரும்புவோரை வாரக்கணக்கில் அலைக்கழிக்கும் பழைய முறையை ஒன்பது சங்கங்களின் கூட்டமைப்பு 1990லேயே கைவிட்டிருந்தது. ஆனால் ஒளிவுமறைவாக அது தொடர்ந்தது என்ற குற்றச்சாட்டு எல்லாச் சங்கங்கள் மீதும் இருந்துவந்தது. புகழ்பெற்றவர் பெயரைச் சொந்தம் கொண்டாடுவது எளிது. இப்படிப்பட்ட நேரத்தில்தான் யார் நம்மவர் என்ற கேள்வி கனக்கிறது. பிரபலங்களின் பட்டியல்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை.

மிசிசிப்பியின் கார்கள்

இந்தப் பெயருக்கு இவ்வளவு மதிப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்பவர் 1935க்குப் போக வேண்டும். சங்கத்தின் தலைவராயிருந்த ஐடா ஜாக்சன் கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் ஆசிரியர். மிசிசிப்பி மாநிலத்தின் ஹோம்ஸ் வட்டாரத்தில், கிராமத்து ஆசிரியர்களுக்கு 1934 கோடையில் பயிற்சிப் பள்ளி நடத்தப் போனார். அங்கே கண்ட நிலைமை பாடம் சொல்லித் தீர்வதாக இல்லை. பசியும் நோயுமாக இருக்கும் பிள்ளைக்கு எழுத்து எப்படி ஏறும்?

மறு ஆண்டு மருத்துவர் டோரத்தி போல்டிங் ஃபெரபீ தலைமையில் மிசிசிப்பி நலவாழ்வுத் திட்டம் தொடங்கியது. மருத்துவர்கள், செவிலியர்கள், ஆசிரியைகள் எனச் சங்கத்துப் பெண்கள் தம் கோடை விடுமுறையைக் கொடுத்து, ஊதியமின்றி, சொந்தக் கார்களில் தெற்கே வந்தனர். சில இடங்களில் மருத்துவ முகாம் அமைக்கத் திட்டமிட்டிருந்தார்கள். பருத்தித் தோட்டங்களின் வெள்ளையின உரிமையாளர்கள் குத்தகைத் தொழிலாளர்களைத் தோட்டத்தை விட்டு வெளியே அனுப்ப மறுத்தனர். எனவே முகாமே தோட்டத்துக்குப் போயிற்று. மருந்துப் பெட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு, தோட்டம் தோட்டமாகச் சென்று, மேற்பார்வையாளரின் கண்முன்னாலேயே குழந்தைகளுக்குத் தொண்டை அடைப்பான் நோய்க்கும் அம்மை நோய்க்கும் தடுப்பூசி போட்டனர். பல் பார்த்தனர், என்ன சாப்பிடலாம், எப்படிச் சுத்தமாக இருக்கலாம் என்று தாய்மாரோடு உட்கார்ந்து பேசினர். அமெரிக்காவில் நடமாடும் மருத்துவமனை என்ற எண்ணத்துக்கு இது ஒரு முன்னோடி.

1938இல் இதே சங்கம், நிறுவனர் பதினாறு பேரில் ஒருவரான நார்மா பாய்டின் முயற்சியில், கறுப்பின மக்களின் உரிமைகளுக்காக வாஷிங்டனில் சட்டமன்ற உறுப்பினர்களிடம் வாதாட ஓர் அலுவலகமும் அமைத்தது. எந்தக் கட்சியையும் சாராதது என்பதை அதன் பெயரிலேயே வைத்தார்கள்.

மிசிசிப்பித் திட்டம் ஆண்டுதோறும் கோடையில் சில வாரங்கள் நடந்து, ஆயிரக்கணக்கானோரைச் சென்றடைந்தது. ஃபெரபீ பின்னர் சங்கத்தின் தலைவரானார். போர்க்காலத்தில் பெட்ரோலுக்கும் டயருக்கும் பங்கீடு வந்ததும் கார்கள் ஓட வழியில்லை. 1942 கோடையோடு திட்டம் நின்றது.